ஸ்காபரோ, மார்க்கம் சீன முதியவர்களோடு பழகுவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோ பெரும்பாகத்தில், குறிப்பாக ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும், தமிழரும் சீனரும் ஒரே தொடர்மாடியில் குடியிருக்கிறார்கள், ஒரே பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள். வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போகும் தமிழர் பலருக்குச் சீன முதியவர்களே வாடிக்கையாளர். சமூகக் கூடங்களில் சீன முதியோர் குழுக்களைக் கூட்டி நடத்தும் தொண்டர்களாகவும் நம்மவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

சீன முதியவர்கள் என்றால் எல்லோருக்கும் சீன மொழிதானே?

இந்த எண்ணத்தோடு தொடங்கிய குழுக்கள்தான் மூன்று மாதத்தில் கலைகின்றன. எழுத்து ஏறக்குறைய ஒன்று; பேச்சு வேறு வேறு. கன்ரனீஸ் மட்டும் தெரிந்த பாட்டிக்கு மாண்டரினில் நடக்கும் கூட்டம் தமிழருக்கு வங்காளம் கேட்பது போலத்தான்.

யார் எப்போது வந்தார் என்று தெரிந்தால் பாதி விளங்கிவிடும். 1885 முதல் கனடாவுக்குள் நுழையச் சீனருக்கு மட்டும் ஆளுக்கொரு தலைவரி இருந்தது. 1903இல் அது 500 டொலர். 1923 முதல் 1947 வரை அவர்கள் கனடாவுக்குள் வருவதையே சட்டம் ஏறக்குறைய முற்றாக அடைத்தது. அந்தப் பழைய குடும்பங்களின் பேச்சு பெரும்பாலும் தொய்சான். 1967இல் குடிவரவுக்குப் புள்ளி முறை வந்தபின் ஹொங்கொங்கிலிருந்து வரத் தொடங்கினார்கள். ஹொங்கொங் பிரித்தானியாவிடமிருந்து சீனாவுக்குக் கைமாறிய 1997க்கு முந்திய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது பெருவெள்ளமானது. இவர்கள் கன்ரனீஸ். 1979ஐ ஒட்டிப் படகில் தப்பி வந்த வியட்நாம் சீனர்கள் கன்ரனீஸோ தியோச்சோவோ பேசுவார்கள், வியட்நாமியமும் தெரியும். தொண்ணூறுகளின் பிற்பகுதி முதல் வந்த பெருநிலச் சீனருக்கு மாண்டரின். பேரப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் இவர்களில் மிகுதி. கொல்கத்தாவிலிருந்து வந்த ஹக்காச் சீனரும் இங்கே உண்டு. அவர்களில் சிலரோடு இந்தியில் கதைக்கலாம். ஸ்காபரோவில் நாம் விரும்பிச் சாப்பிடும் சில்லிச் சிக்கன் அவர்கள் வழி வந்ததுதான்.

ஆகவே பதிவுத் தாளில் "மொழி: சீனம்" என்று ஒரு கட்டம் வைக்காதீர்கள். இரண்டு கட்டம் வேண்டும்: வீட்டில் என்ன பேச்சு, வாசிப்பது எந்த எழுத்து. ஹொங்கொங், தாய்வான்காரருக்குப் பழைய முழு எழுத்து. பெருநிலத்தவருக்கு எளிதாக்கிய எழுத்து. அறிவித்தலை ஒன்றில் மட்டும் அச்சடித்தால் மற்றப் பக்கத்தார் "இது நமக்கில்லை" என்று போய்விடுவார்கள்.

பெயர்ப் பட்டியலில் ஒரே ஆள் மூன்று தடவை வருகிறாரே?

ஒரே குடும்பப் பெயரைக் கன்ரனீஸ்காரர் சான் என்பார், மாண்டரின்காரர் சென் என்பார், வியட்நாமிலிருந்து வந்தவர் ட்ரான் என்று எழுதுவார். வோங் என்பது மாண்டரினில் வாங் ஆகவும் இருக்கலாம், ஹுவாங் ஆகவும் இருக்கலாம். குடும்பப் பெயர் முன்னால் வரும். படிவம் நிரப்பும் பிள்ளைகள் அதைப் பின்னால் தள்ளுவார்கள். மணமான பெண்கள், குறிப்பாகப் பெருநிலத்தவர், தம் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பார்கள். கணவன் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்காது. சுகாதார அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டல், பிறந்த ஆண்டு, தொலைபேசி எண் மூன்றையும் வைத்தே ஆளை அடையாளம் காணுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது?

வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நம் வீட்டில் எப்படியோ அங்கும் அப்படியே. கன்ரனீஸில் திருமதி வோங் என்றால் "வோங் தாய்", திரு சான் என்றால் "சான் சாங்". மாண்டரினில் நடுவயது தாண்டிய பெண்ணை "வாங் ஆயி" என்பார்கள். நல்ல முதுமை என்றால் "நைநை", அதாவது பாட்டி. படித்தவர், ஓய்வு பெற்றவர் என்று தெரிந்தால் "லாவோஷி" என்று ஆசிரியருக்குரிய சொல்லைச் சொல்லுங்கள், முகம் மலரும். கன்ரனீஸில் "சிக் சோ ஃபான் மெய்?" என்பது நம் "சாப்பிட்டாச்சா?"வேதான். அதைக் கேட்டால் பதிலாகச் சோறு எதிர்பார்க்க மாட்டார்கள், நலம் விசாரிப்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

எந்த நேரத்தில் கூடுவது?

வாரநாளில் காலை 10 முதல் பகல் 1 மணி வரை. வாரஇறுதி வேண்டாம். பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவார்கள், மூன்று மூன்றரைக்கு மறுபடி பள்ளி வாசலில் நிற்க வேண்டும். பிற்பகல் 2 மணிக்கு வைத்த கூட்டத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போவதை நிகழ்ச்சி பிடிக்காததால் என்று தொண்டர்கள் தவறாக எண்ணிக்கொள்வதுண்டு. பள்ளி விடுமுறை நாட்களில் ஒன்று பிள்ளைகளையும் சேர்த்து வைத்து நடத்துங்கள், அல்லது அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே அறை. மாதம் ஒருமுறை வைக்கும் பெரிய விழாவைவிட இதுதான் நிலைக்கும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பேருந்து நிறுத்தத்திலிருந்து கதவு வரை நடந்து பாருங்கள், அதுவும் பெப்ரவரியில். பனி வாரப்படாத நூறு மீட்டர் நடைபாதை இருந்தால் எண்பது வயதுக்காரர் டிசம்பரிலிருந்து மார்ச் வரை வரமாட்டார். நடுவில் சாலை கடக்க வேண்டுமா, விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்பதும் முக்கியம். மாடி என்றால் மின்தூக்கி வேண்டும். கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும். மடக்கு நாற்காலியின் நுனியில் கையூன்றி எழும்போது அது கவிழும்.

ரொறன்ரோவுக்கும் யோர்க் பிராந்தியத்துக்கும் எல்லையான ஸ்டீல்ஸ் வீதிக்கு இரு பக்கமும் இருப்பவர்களுக்கு முன்பு இரண்டு கட்டணம் விழுந்தது. 2024 பெப்ரவரி முதல் பிரெஸ்ரோ எனும் பயண அட்டையைத் தட்டினால் ரொறன்ரோவின் ரி.ரி.சி. பேருந்துக்கும் யோர்க் பிராந்தியப் பேருந்துக்கும் இடையில் குறித்த நேரத்துக்குள் மாறுவதற்கு மறுபடி காசில்லை. ஆனால் அட்டையில் முதியோர் கட்டணத்தை அடையாளப் பத்திரம் காட்டிப் பதிவுசெய்திருக்க வேண்டும். பதியாத அட்டை முழுக் கட்டணத்தையே வெட்டும்; பலர் ஆண்டுக்கணக்கில் அப்படியே கட்டி வருகிறார்கள். முதல் கூட்டத்திலேயே எல்லோருடைய அட்டையையும் வாங்கிப் பாருங்கள். நடக்க முடியாதவர்களுக்கு ரி.ரி.சி.யின் வீல்-ட்ரான்ஸ் எனும் தனி வண்டிச் சேவை உண்டு. முன்கூட்டியே விண்ணப்பித்துத் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

தண்ணீர்ப் போத்தல் வாங்கி வைத்தோம், யாரும் தொடவில்லையே?

வெந்நீர் வையுங்கள். இது சின்ன விடயமாகத் தெரியும். கூட்டத்துக்கு வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது. குளிர்ந்த நீர் வயிற்றுக்கு ஆகாது என்பது அவர்களின் வாழ்நாள் பழக்கம். ஐஸ் போட்டுக் கொடுத்தால் மரியாதைக்குக் கையில் வைத்திருப்பார்கள்.

கணக்கு இது: 40 பேர், ஆளுக்கு இரண்டு கோப்பை, கோப்பை 200 மில்லிலீற்றர் என்றால் 16 லீற்றர். நூறு கோப்பைக் கொதிகலன் ஒன்று ஏறக்குறையப் போதும். அவசரத்துக்கு இரண்டு சிறிய கொதிகலன்களை ஒரே சுவர்ச் செருகியில் போடுவார்கள், அங்கேதான் சிக்கல். இங்கே சாதாரணச் சுற்று 15 ஆம்பியர், 120 வோல்ட், அதாவது 1,800 வாட். ஒவ்வொன்றும் 1,500 வாட் இழுத்தால் சிறிது நேரத்தில் மின்தடுப்பான் விழும். கூடத்தின் காவலாளி வந்து பெட்டியைத் திறக்கும்வரை பாட்டிமார் வெறும் கோப்பையோடு இருப்பார்கள். சமையலறைச் செருகி ஒன்றிலும் மண்டபத்தின் மறுபக்கச் செருகி ஒன்றிலுமாகப் பிரித்துப் போடுங்கள், இரண்டும் ஒரே சுற்றில் இல்லையென்று முதல்நாளே சோதித்துக்கொள்ளுங்கள். தேயிலை தனியாக இருக்கட்டும். பலருக்கு வெறும் வெந்நீரே வேண்டும், இரத்தழுத்த மாத்திரை விழுங்கவும் அதுதான்.

தேநீர் ஊற்றும்போது எதிரிலிருப்பவர் மேசையில் இரு விரலால் தட்டினால் அது நன்றி. கேத்தல் மூடியைச் சாய்த்து வைத்தால் இன்னும் நீர் ஊற்றச் சொல்கிறார்கள்.

என்ன சாப்பாடு போடுவது?

கஞ்சி. ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர். 40 பேருக்கு ஒரு கிலோ அரிசி, 12 லீற்றர் தண்ணீர், மெல்லிய தீயில் ஒன்றரை மணி. முதல் அரை மணிக்குள் அடியைக் கிளறாவிட்டால் பிடித்துவிடும். பிடித்த கஞ்சியின் வாடை முழுப்பானைக்கும் ஏறும், கரண்டியால் சுரண்டினால் இன்னும் கெடும், வேறு பானைக்கு மாற்றுவதுதான் வழி. உப்பைக் குறைத்துப் போட்டு சோயாப் போத்தலை மேசையில் வைக்காமல் கையில் வைத்திருங்கள். மெல்லிய இஞ்சிச் சீவல், வெங்காயத்தாள், அவித்த முட்டை, கோழித் துண்டு எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில்.

சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர் பலர் மரக்கறி மட்டுமே உண்பார்கள். முதல் நாள் அமாவாசை, பதினைந்து பௌர்ணமியை ஒட்டி வரும். நம் நாட்காட்டியைப் பார்த்தே அநேகமாகச் சொல்லிவிடலாம். அவர்களில் கடைப்பிடிப்பவர்களுக்கு வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எதுவும் ஆகாது. "மரக்கறிதானே" என்று பூண்டு தாளித்துக் கொடுத்தால் சாப்பிடமாட்டார்கள், காரணமும் சொல்லமாட்டார்கள்.

ஒட்டரிசி உருண்டையும் புத்தாண்டு ஒட்டரிசிக் கட்டியும் தொண்டையில் அடைக்கும். பக்கவாதம் வந்தவர், பல்செட் போட்டவர் இருந்தால் கடலையளவுக்கு வெட்டிக் கொடுங்கள். நிலாப் பணியாரம் ஒன்றை எட்டாக வெட்டுவது மரபு. நீரிழிவுக்காரருக்கு எட்டிலொன்றே போதும்.

மாஜோங் மேசை போடலாமா? சூதாட்டம் இல்லையா?

தாராளமாகப் போடலாம். கற்களை வைத்து ஆடும் இந்தச் சீன விளையாட்டு நினைவுக்கும் விரலுக்கும் நல்ல வேலை, தனிமைக்கு அதைவிட நல்ல மருந்து அரிது. மேசைக்கு நான்கு பேர். நான்கு சுற்று முடிய இரண்டு மணி நேரம் வரை பிடிக்கும். மூன்று மணி நேரக் கூட்டத்தில் ஒரு ஆட்டம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சண்டை வருவது விதியில். ஹொங்கொங் ஆட்டத்தில் கையில் 13 கல், தாய்வான் ஆட்டத்தில் 16. பூக்கல்லோடு பெட்டியில் 144 இருக்கும். சிச்சுவான்காரர் அதில் 108ஐ மட்டும் எடுத்து ஆடுவார்கள். எந்த மேசை எந்த விதி என்று அட்டையில் எழுதி வைத்துவிட்டால் பாதித் தகராறு இல்லை. மிச்சப் பாதி காசில். பல கூடங்களின் வாடகை ஒப்பந்தம் காசு வைத்து ஆடுவதை அனுமதிக்காது. பிளாஸ்ரிக் வில்லை கொடுத்து, கூட்ட முடிவில் எண்ணி வாங்குங்கள். சுவாரசியம் போய்விட்டது என்று சிலர் முணுமுணுப்பார்கள். கடைத்தொகுதி வாசலிலிருந்து புறப்படும் கசினோப் பேருந்தில் ஏறும் முதியவர்களில் பலர் சூதுக்காக ஏறுவதில்லை. சூடான பேருந்து, கூடவே ஆட்கள், ஒரு நாள் கழிகிறது என்பதற்காகவே ஏறுகிறார்கள். அவர்களுக்கு மாற்றாகத்தான் உங்கள் மேசை.

கற்களைக் கலக்கும் ஓசை வெறும் பிளாஸ்ரிக் மேசையில் காதைக் கிழிக்கும். கேள்கருவி போட்டவர்களால் அந்த அறையில் இருக்கவே முடியாது, கருவியைக் கழற்றுவார்கள், பிறகு எதுவும் கேட்காது. அடியில் பழைய கம்பளம் விரித்து மேலே தடித்த துணி போடுங்கள்.

உடற்பயிற்சிக்குத் தாய்ச்சி போதுமா?

1956இல் சீனாவில் எளிதாக்கி வகுத்த 24 அசைவுத் தாய்ச்சியைப் பலர் முன்பே அறிந்திருப்பார்கள். ஆறு நிமிடத்தில் முடியும். ஆசிரியரை வெளியே தேடவேண்டாம், குழுவிலேயே ஒருவர் இருப்பார். பாதுவான்ஜின் எனும் எட்டு அசைவுப் பயிற்சி இன்னும் எளிது. அதில் தலையைச் சாய்த்துச் சுழற்றுவதும் குனிந்து பாதம் தொடுவதும் தலைசுற்றுள்ளவர்க்கும் எலும்பு தேய்ந்தவர்க்கும் ஆகாது, அவர்களை அந்த இரண்டையும் விட்டுவிடச் சொல்லுங்கள். ஆண்கள் பயிற்சிக்கு வரமாட்டார்கள், கதவோரம் நின்று பார்ப்பார்கள். அவர்களிடம் ஒலிபெருக்கியைத் தூக்கும் வேலையைக் கொடுங்கள்.

குழுவுக்குள் அரசியல் வெடிக்கிறது. என்ன செய்வது?

கொடி, தேசிய கீதம், தேர்தல் துண்டுப்பிரசுரம் மூன்றும் அறைக்குள் வேண்டாம். ஹொங்கொங், தாய்வான், பெருநிலம் என்று ஒவ்வொருவருக்கும் வேறு காயம். விழாவுக்குச் சிவப்புத் தோரணம் போதும்.

செய்தி அனுப்ப எந்தச் செயலி?

பெருநிலத்தவர் வீசாட், ஹொங்கொங்காரர் வாட்ஸ்அப், தாய்வான்காரர் லைன். ஒன்றுக்கு மாற்ற முயலாதீர்கள். செய்தியை எழுத்தாக மட்டுமல்லாமல் குரல்பதிவாகவும் அனுப்புங்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள் இருக்கிறார்கள், அதை வெளியில் சொல்ல வெட்கப்படுவார்கள்.

எல்லாவற்றையும்விடத் தொலைபேசி அழைப்பு முக்கியம். ஒரு தொண்டருக்கு ஐந்து பேர். இரண்டு வாரம் வராதவரைக் கட்டாயம் கூப்பிட வேண்டும். விழுந்தது, வைத்தியசாலையில் படுத்தது, மருமகளோடு பேச்சு நின்றது எல்லாம் அந்த அழைப்பில்தான் வெளியே வரும்.

சீனத் தூதரகத்திலிருந்து அழைப்பு வந்தது என்கிறார் ஒரு முதியவர். உண்மையா?

இல்லை. மாண்டரினில் பேசி, உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, யாரிடமும் சொல்லாதீர்கள், பணம் அனுப்புங்கள் என்பது பழைய மோசடி. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற சொல்லே அடையாளம். கூட்டத்தில் இருவரை வைத்து அந்த அழைப்பை நடித்துக் காட்டுங்கள்; துண்டுப்பிரசுரத்தைவிட அது மனதில் நிற்கும். இலவச முட்டை கொடுத்துக் கூட்டம் சேர்த்து ஆயிரம் டொலர் மருந்து விற்பவர்களையும் அறைக்குள் விடாதீர்கள்.

ஓய்வூதியம் எப்போது கிடைக்கும்?

ஓ.ஏ.எஸ் எனும் முதியோர் ஓய்வூதியத்துக்கு 65 வயதும், 18 வயதுக்குப் பின் கனடாவில் 10 ஆண்டு வசிப்பும் வேண்டும். 40 ஆண்டு இருந்தால் முழுத்தொகை. 10 ஆண்டு என்றால் நாற்பதில் பத்துப் பங்கு. வருமானம் குறைந்தவருக்கு அதோடு ஜி.ஐ.எஸ் எனும் கூடுதல் தொகையும் சேரும்.

பணம் நிற்பது இரண்டு காரணத்தால். ஒன்று, "வருமானமே இல்லை, ஏன் வரிப் படிவம்" என்று ஏப்ரல் 30க்குள் தாக்கல் செய்யாமல் விடுவது. ஜி.ஐ.எஸ் ஆண்டுதோறும் அந்தப் படிவத்தை வைத்தே புதுப்பிக்கப்படுகிறது. மார்ச் மாதக் கூட்டமொன்றை இலவச வரித் தொண்டர்களுக்கு ஒதுக்குங்கள். மற்றது, குளிருக்குப் பயந்து தென் சீனாவின் குவாங்டொங் போய் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவது. ஆறு மாதம் தாண்டினால் ஜி.ஐ.எஸ் நிற்கும், கனடாவில் 20 ஆண்டு வசிக்காதவருக்கு ஓ.ஏ.எஸும் நிற்கும். பயணச்சீட்டு வாங்கும் முன்பே திகதியை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

"சொல் கேட்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று மகன் மிரட்டுகிறாராம். முடியுமா?

முடியாது. நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தபின் பொறுப்பேற்றவர் (ஸ்பொன்சர் செய்த பிள்ளை) மனம் மாறினாலும் அந்த உரிமை போகாது; பொறுப்பும் தீராது. கியூபெக் தவிர்ந்த இடங்களில் பெற்றோருக்கான பொறுப்புக் காலம் இப்போது 20 ஆண்டு. பெற்றோருக்கான நீண்டகால வருகை விசாவான சுப்பர் விசாவில் வந்தவர் நிலை வேறு: அவர் வருகையாளர், ஒன்ராறியோ சுகாதார அட்டையும் இல்லை. முதலில் எது என்று பத்திரத்தைப் பாருங்கள். இதைப் பொதுவில் கேட்காதீர்கள். பேருந்து நிறுத்தம் வரை கூட நடந்து கேளுங்கள். 211 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளரோடு உதவி இடங்களைக் கேட்டறியலாம்.

குடியுரிமைப் பரீட்சைக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சொல்கிறார்கள்.

55 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குப் பரீட்சையும் இல்லை, மொழிச் சான்றும் தேவையில்லை. பயத்தில் பல ஆண்டு தள்ளிப்போடுகிறார்கள். ஆங்கிலம் கற்பிப்பதென்றால் பேருந்து, மருந்துக்கடை, 911 என்று தொடங்குங்கள்.

மறதி நோய் பற்றி எப்படிப் பேசுவது?

பழைய சொல்லான "ச்சி தாய்" மூடத்தனம் என்ற பொருள் தொனிப்பது. அதை அச்சடித்தால் குடும்பம் தாளை மடித்து ஒளித்துவிடும். ஹொங்கொங்கில் மூளை தளரும் நோய் என்ற பொருளிலும் தாய்வானில் அறிவு இழக்கும் நோய் என்ற பொருளிலும் புதுச் சொற்கள் உண்டு, அவற்றைப் பயன்படுத்துங்கள். நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் போவதுண்டு. நேற்றுவரை ஆங்கிலம் பேசியவர் இன்று தொய்சான் மட்டும் பேசுவார். பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். வைத்தியரிடம் பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாட்டியின் சிறுநீர்ச் சிக்கலை மொழிபெயர்க்காது, விழுங்கிவிடும்.

சீன முதியோர் இல்லத்தில் இடம் கிடைக்குமா?

யீ ஹொங் நிலையம் மருத்துவர் ஜோசப் வோங் முன்னின்று தொடங்கியது. முதல் இல்லம் 1994இல் ஸ்காபரோவில் திறந்தது, இப்போது நான்கு இல்லம். மொன் ஷியொங் போன்றவையும் உண்டு. காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். விண்ணப்பம் இல்லத்துக்கு நேராகப் போகாது. ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம் எனும் மாகாண அமைப்பின் வழியாகவே போகும், சாதாரணமாக ஐந்து இல்லம் வரை தெரிவு செய்யலாம். "இன்னும் நடக்கிறாரே" என்று தாமதிப்பதே பெரும்பிழை. சாவு, நோய் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று "ச்சோய்!" என்பார்கள்; "தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படி நடந்தது" என்று சுற்றிவளைத்துத் தொடங்குங்கள்.

செலவுக்குப் பணம்?

மத்திய அரசின் முதியோருக்கான நியூ ஹொரைசன்ஸ் திட்டம் சமூகக் குழுக்களுக்கு 25,000 டொலர் வரை தருகிறது. முதியவர்களே முன்னின்று நடத்த வேண்டும் என்பது அதன் உயிர். ஒன்ராறியோவின் முதியோர் சமூக மானியம் 1,000 முதல் 25,000 வரை. கொதிகலன், மேசை, ஒலிபெருக்கி என்று பொருளாகக் கேளுங்கள். மானியம் முடிந்தபின்னும் அவை இருக்கும்.

பரிசு, மொய், இறப்பு வீடு: எதில் தவறக் கூடாது?

மணிக்கூடு பரிசளிக்காதீர்கள், "மணிக்கூடு கொடுப்பது" என்ற ஒலி "இறுதிக்கடன் செய்வது" போலக் கேட்கும். நாலு என்ற எண்ணின் ஒலி சாவை ஒத்தது, விருந்தில் நாலாம் இலக்க மேசை வைக்காதீர்கள்.

நம்மவர் தவறுவது மொய்யில். நமக்கு 101 மங்கலம். அவர்களுக்குப் புத்தாண்டு, திருமணச் சிவப்பு உறையில் இரட்டைப்படைத் தொகை, அதிலும் நாலு வராமல், புதுத் தாளாக. ஒற்றைப்படையில் முடியும் 101 கன்ரனீஸ்காரரிடம் சாவு வீட்டுத் தொகை, அது வெள்ளை உறையில் போவது. புத்தாண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்குச் சிவப்பு உறையில் 101 டொலர் வைத்துக் கொடுத்தால் அவர் சிரித்தபடி வாங்குவார், வீட்டில் போய்ப் பிரிக்கும்போதுதான் விளங்கும்.

உறுப்பினர் ஒருவர் இறந்தால் மாஜோங் மேசையில் அறிவிக்காதீர்கள். கூட்டம் முடிந்தபின் நெருங்கியவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள். இறுதிச் சடங்குக்குப் போனால் வாசலில் சிறிய வெள்ளை உறை தருவார்கள். உள்ளே ஒரு இனிப்பும் ஒரு நாணயமும் இருக்கும். இனிப்பை அங்கேயே வாயில் போட்டுக்கொள்ளுங்கள். நாணயத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வழியில் எதற்காவது செலவழித்துவிடுங்கள்.